கிழக்குச் சுவர்

"இதுல எல்லாத்தையும் விட மோசமானது எது?" என்று கேட்டார் கடிகார ரிப்பேர்க்காரர்.

இன்ஜினியர் பெண் விழித்தாள். அரைமணி நேரமாக மேசைமேல், மலைக்குளிருக்குச் சுவரில் பதிக்கும் பலகைகளின் மாதிரித் துண்டுகளைப் பரப்பி, எது நல்லது என்றுதானே தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

"மறுபடி சொல்றேன் சார். இந்த எண் குறையக் குறைய, வீட்டுச் சூடு வெளியே போகாது. தெர்மாகோலுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு அஞ்சு. கார்க் பலகைக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு. வைக்கோல் பலகைக்கு இன்னும் கொஞ்சம் கூட. நீங்க இயற்கையான பொருளாக் கேட்டதால, கார்க்..."

"மூணு சுவருக்கும் கார்க்கே போடுங்க. நான் கேக்கறது கிழக்குச் சுவருக்கு. எதுல எண் அதிகம்?"

"வெறும் செங்கல்லதான். கார்க்கை விடப் பதினஞ்சு மடங்குக்கு மேல சூடு ஓடிப்போகும்."

"அப்ப அது வெறும் செங்கல்லாவே இருக்கட்டும்."

கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அந்தச் சுவரை ஒட்டித்தானே கணப்பு அடுப்பே இருக்கு?"

"சொல்லாமலா? ஊரார் கடிகாரத்துல ஒரு நிமிஷம் பிசகினா இவருக்குப் பொறுக்காது. சொந்த வீடுன்னா மட்டும் முள்ளு நின்னுபோயிடும்."

"நீ சும்மா இரேன்." கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தனியாகத் தொழில் தொடங்கி, அவள் கையெழுத்துப் போடப்போகும் முதல் வரைபடம் இது. மூன்று பக்கம் போர்வை, ஒரு பக்கம் வெற்றுடம்பு என்று வீட்டை நிறுத்தினால் யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்?

"வீடு சூடாகலைன்னா என் பேர்தான் சார் கெடும். காரணமாவது சொல்லுங்க."

"காரணமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எனக்கு அப்படிப் பிடிச்சிருக்கு."

கஞ்சத்தனம் என்றால், மற்ற மூன்றுக்கும் உயர்ந்த ரகம் கேட்பானேன்? வீம்பு என்றால், குரல் இவ்வளவு தணிந்திருப்பானேன்? ஒன்றும் பிடிபடவில்லை அவளுக்கு. பக்கத்து வீட்டோடு ஒட்டிய அந்தச் சுவரின் மறுபக்கத்தையும் அளந்து, வீணாகிற சூட்டை எண்ணாகவே காட்டி இவரை மடக்க வேண்டியதுதான்.

"அந்தப் பக்கம் யாரு?"

"ரிட்டையரான நர்ஸம்மா. தனியா இருக்காங்க," என்றாள் மனைவி.

"அங்க எதுக்கு?" கடிகாரக்காரர் எழுந்தேவிட்டார்.

"அளக்கத்தானே போறா? சுவரைத் தூக்கிட்டா வந்துடப்போறா!"

நர்ஸம்மா கதவைத் திறந்ததுமே குளிர் காலைக் கவ்வியது. கூடத்தில் கணப்பு எதுவும் இல்லை. கட்டில், நாற்காலி, இரண்டு செடித்தொட்டி, எல்லாம் ஒரே ஒரு சுவரை ஒட்டிக் கிடந்தன, தாய்ப்பூனையை ஒட்டிய குட்டிகளைப் போல.

அளக்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கடிகாரக்காரர் வீட்டுப் பக்கச் சுவர் அது; உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

"ஹீட்டர் ஒண்ணு வச்சுக்கக் கூடாதாம்மா?"

"இருந்தது, கெட்டுப்போச்சு. பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் புதுசா ஒண்ணைத் தூக்கிட்டு வந்து நின்னார். வாசலோடயே திருப்பி அனுப்பிட்டேன்."

இன்ஜினியர் பெண் வரைபடத்தைப் பிரித்து, கிழக்குச் சுவரில் 'கார்க்' என்றிருந்ததை அடித்தாள். 'செங்கல் போதும்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா எழுதறே?"

"கணக்குல ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. திருத்தறேன்."

நர்ஸம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

"நாப்பது வருஷம் என் கால்லயே நின்னவ நான். யாரோட தயவும் எனக்கு வேண்டாம்மா. இந்தச் சுவர் ஒண்ணு போதும்."