சிவக்காத செடி

ஸ்டூலில் ஏறிக் குண்டு பல்பைத் தொட்ட ஜெயபாய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பல்பு சுட்டது. அவள் செபக்கூட்டத்துக்குப் போய்வந்த நேரத்தில் யாரோ இந்தச் சாமான் அறைக்குள் விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும் முன்னறையில் அவள் புருஷன் சாம்சன் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை மூலையில், தொட்டிக்குள் நின்றது அந்தக் கிறிஸ்துமஸ் செடி. பாயின்செட்டியா என்கிற அதன் பெயர் ஜெயபாய் வாயில் நுழைவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மகன் வினோத் வாங்கி வந்தபோது உச்சி இலையெல்லாம் ரத்தச் சிவப்பாக இருந்தது. இப்போது அடிமுதல் நுனிவரை பச்சை.

செடி வந்த அதே வாரத்தில், தான் விரும்பிய பாண்டிசெல்வியை ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்துக் கூட்டிவந்து வாசலில் நின்றான் வினோத். சாம்சன் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. கடைசியில் அந்தச் செடியைக் காட்டித்தான் கத்தினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வந்து நிக்கான். அடுத்த கிறிஸ்மஸுக்குள்ள இந்தச் செடி மறுபடி செவந்தா இவன் படியேறட்டும். இல்லேன்னா தலமுழுகியாச்சு. அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் அவன்கிட்டப் பேசப்பிடாது!"

அதோடு விட்டாரா? ஜெயபாயை வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணவும் வைத்தார். பண்டிகை முடிந்தால் அந்த மாதிரிச் செடி குப்பைக்குத்தான் போகும். அந்தத் தைரியத்தில் விட்ட வார்த்தை அது.

ஆனால் பெற்றவள் விடுவாளா? இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்ற செடியைக் கிளை வெட்டிக் கவாத்துச் செய்தாள். கையெல்லாம் பிசுபிசுவென்று பால் ஒட்டியது. இராஜபாளையத்து வெயில் படாமல் நிழலில் வைத்து, மண் மாற்றி, எப்படியோ தளிர்க்க வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தொட்டு விடியும்வரை பொட்டு வெளிச்சம் படாமல் இருட்டில் இருந்தால்தான் இலை சிவக்கும் என்று நர்சரியில் சொல்லியிருந்தார்கள். ஆயுதபூஜையிலிருந்து தினமும் பொழுது சாயுமுன் செடியை இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியின் அட்டைப்பெட்டியை வெட்டி ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்திருந்தாள்.

இதற்கிடையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வினோத்துக்கு ஆண்பிள்ளை பிறந்திருப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. பஸ் ஏறினால் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். ஆனால் செய்த சத்தியம் காலைக் கட்டிப்போட்டது. பேரன் யார் ஜாடை என்றுகூடத் தெரியாமல் ஜெயபாய் தலையணைக்குள் அழுதாள்.

சாம்சனோ காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

"என்னட்டி, ஒஞ்செடி செவந்திருச்சா?"

இப்போதல்லவா தெரிகிறது. சிவக்கவிடாமல் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு இந்த நக்கல் வேறு!

பல்பைக் கழற்றி எறிந்தால் முடிந்தது. ஆனால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் அவளுக்கு ஆறாது. வாயை மூடிக்கொண்டு ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் மில் ஷிஃப்ட் முடிந்து வந்த சாம்சன் குளித்தார். முகத்துக்குப் பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார்.

"செபக்கூட்டத்துக்கு நேரமாகலையா? வெரசாக் கெளம்பு."

"போயிட்டு வாரேன்" என்று வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள் ஜெயபாய்.

தெருமுனையில் நன்றாக இருட்டும்வரை நின்றாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள். சாமான் அறைக் கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. ஒரே தள்ளில் கதவைத் திறந்தாள்.

சட்டென்று விளக்கு அணைந்தது. அணைவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். செடிக்குப் பக்கத்தில் சாம்சன் நின்றார். கையில் இருந்த எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கையில என்னது, கத்தரியா? லைட்டப் போட்டுக் கெடுத்தது பத்தாதுன்னு வெட்டிப்போடவே வந்துட்டீகளா?"

"லைட்டுப் போட்டா அது கெட்டுப்போயிருமா?" இருட்டுக்குள் சாம்சன் குசுகுசுத்தார். "சத்தியமா எனக்குத் தெரியாது ஜெயா. செத்த மெதுவாப் பேசு..."

"தெரியாதா? கிறிஸ்மஸ் வந்து வாசல்ல நிக்கி. ஒரு எல செவக்கல. பேரன் மூஞ்சிய நான் பாத்திரக் கூடாது, அதான ஒங்களுக்கு வேணும்? அந்தப் பச்சப்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க மனுஷந்தானா?"

சாம்சன் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த செல்போனிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"மாமா, லைட்ட ஏன் அமத்துனீக? ஒங்க பேரன் தாத்தா மூஞ்சியக் காணாம அழுவுதான்!"