செல்லாத ராஜினாமா

"யோவ் அலோய்சி, இது செல்லாது" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள் உர்சுலா, எங்கள் அடுப்பு ஆலையின் சங்கச் செயலாளர்.

"எது செல்லாது? சங்கத்தை விட்டு விலகுறேன்னு தெளிவா எழுதியிருக்கேனே!"

"'திருட்டுச் சிவப்புக் கூட்டம்'னும் எழுதியிருக்க. அது பரவாயில்ல. ரெண்டு பிரதி வேணும்."

அலோய்சி வெல்டர். வயது ஐம்பத்தாறு, வாய்க்கு மட்டும் இருபது. பித்தோம் நகரில் எந்த ஞாயிறும் சர்ச் பூசைக்குத் தவறாதவன். மே தினத்தில் உர்சுலா தன் சிவப்புக் கட்சி ஊர்வலத்துக்குச் சங்கச் செலவில் பஸ் பிடித்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இரண்டு பிரதியோடு போனான்.

"முத்திரையைக் காணோம்யா. முத்திரை குத்தாம எப்படி ஏத்துக்கிறது?"

எங்கள் ஊரில் முத்திரை விழாத காகிதம் மூக்கு துடைக்கத்தான் ஆகும். பாவம், திரும்பி வந்தான்.

அடுத்த வாரம் பொருளாளர் லீவு என்றாள். அதற்குள் சம்பளத்தில் சந்தாவும் பிடித்தாகிவிட்டது.

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்கிறாளே!" என்று கேண்டீனில் கத்தினான். பீட்ரூட் சூப்பைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினோம். நானுந்தான். சந்தாவுக்கு இப்படியா அலைவாள், வெட்கங்கெட்டவள்!

வெள்ளிக்கிழமை இடி விழுந்தது. பதினெட்டு பேருக்கு வேலை போய்விட்டது. வெல்டிங்கில் மட்டும் நாலு பேர். அலோய்சி தப்பினான்.

நேரே சங்க அறைக்குப் போனான். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"பாத்தியா? என் கைவேலைக்குக் கிடைச்ச மரியாதை! உன் சங்கம் எனக்கு எதுக்கு?"

உர்சுலா மேஜை இழுப்பறையைத் திறந்து, முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

"ஏத்துக்கிட்டாச்சு. போய்த் தொலை."

"இப்ப மட்டும் எப்படி?"

"வேலை போற லிஸ்ட்டுல மொதல்ல இருந்த பேரே உன்னுது. சங்கத்து ஆளுன்னா எங்களைக் கேக்காம தூக்க முடியாது. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு, மூணு வாரமா மேனேஜர் மல்லுக்கு நின்னாரு. நீ என்னடான்னா தினம் கடுதாசியும் கையுமா வந்து நிக்கிற!"

அலோய்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் சங்கத்து ஆளுன்னு அவர் நம்பினாரா?" என்றான்.

"எங்க நம்பினாரு? சர்ச் வாசலையே மிதிக்காத நான், நீ எங்க ஆளுதான்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்யா!"