கொக்கு வாங்கிய நீள லென்ஸ்

யானை வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போனது ஒரு கொக்கு. நடந்த கதைதான், சந்தேகம் இருந்தால் யானையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொக்கின் பையில் ஒரு குட்டி லென்ஸ் கிடந்தது. கேமராவில் மாட்டியிருந்ததோ, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும், கொக்கின் கழுத்தைவிட நீளமான டெலி லென்ஸ். மயில் வைத்திருக்கிறதே என்று வாங்கியது.

"தம்பி, பொண்ணு சாயங்காலம் புருஷன் ஊருக்குப் போயிடுவா. அதுக்குள்ள குடும்பத்தோட ஒரே ஒரு படம்," என்றார் அப்பா யானை.

கொக்கு கேமராவில் கண்ணை வைத்தது. தெரிந்தது அப்பா யானையின் ஒரு காது மட்டும்தான்.

"அண்ணே, என்னை மாட்டுங்க. நின்ன இடத்துலயே எடுத்துடலாம்," என்றது குட்டி லென்ஸ்.

"சும்மா கெட. உன்னைப் போட்டா எவன் மதிப்பான்?" என்றபடி கொக்கு பின்னால் நகர்ந்தது. "எல்லாரும் அப்படியே சிரிங்க, அசையாதீங்க!"

பந்தலைத் தாண்டியது, ஏரியைத் தாண்டியது, எதிரே இருந்த மலையிலும் பின்பக்கமாகவே ஏறியது. உச்சிக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் அத்தனை யானையும் படத்துக்குள் அடக்கம். பாவம், கன்னம் வலிக்க இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. பெண்ணை மட்டும் காணோம்.

பின்னாலிருந்து ஒரு தும்பிக்கை முதுகைத் தட்டியது. மாப்பிள்ளைக்கு ஊரே அந்த மலை உச்சிதான். நேராக நடந்த கல்யாணப் பெண் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள்.

"அண்ணே, இன்னும் எடுக்கலையா? எங்கப்பாவோட ஒரு படம்கூட இல்லையே!" என்று விசும்பினாள்.

"இப்பவாவது என்னை..." என்று பைக்குள் ஒரு முனகல்.

கொக்கு பையை இறுக்கி மூடியது.

"அழாதம்மா, உன்னைத் தனியா எடுத்து குடும்பப் படத்துல ஒட்டிடலாம். அப்படியே சிரிச்சிட்டு நில்லு, நான் கொஞ்சம் பின்னால போயிக்கிறேன்."