ஜவுளிக்கடைப் பூனை

"எத்தனை பேர் படிச்சா உனக்குப் போதும்?" என்று அவள் முதல் சித்திரக்கதையை வரைந்த அன்று கணவன் இம்தியாஸ் கேட்டான். "நீங்க படிச்சுச் சிரிச்சாப் போதும்," என்றாள் ஜெஸிமா.

மூன்று வருடம் கழித்து, இந்த வெள்ளிக்கிழமை மதியம், தென்னூர் வீட்டு ஜன்னலோரம் அமர்ந்து, இணையத்தில் வாராவாரம் போடும் சித்திரக்கதையின் ஜவுளிக்கடைப் பூனைக்கு நான்காவது முறையாக மீசை வரைந்து அழிக்கிறாள். விரல் வியர்த்து டேப்லெட்டில் வழுக்குகிறது. வாசகர்கள் கேட்டதையெல்லாம் இம்தியாஸ் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. தொழுதுவிட்டு வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் சோறு ஆறுகிறது. "ரெண்டு மணிக்குப் போட்டாத்தான் கூட்டம் வரும்மா. பூனைக்கு ஒரு கல்யாணம் பண்ணி வையேன், எல்லாரும் கேக்குறாங்க." "அது போன வாரமே கடையை விட்டு ஓடிப்போச்சுங்க." "அப்படியா? அதான் எழுநூறு பேர் பாத்திருக்காங்க!" அவன் கண் போனை விட்டு நகரவில்லை. இனி வரையவே வராதோ என்று அவளுக்குப் பயமாக இருக்கிறது. போனை மெல்ல வாங்கிக் கவிழ்த்துவிட்டு, டேப்லெட்டை அவன் மடியில் வைக்கிறாள். மீசையில்லாத பூனை அவனையே பார்க்கிறது. மாதக்கணக்கில் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறாள்.

"ஏங்க, இதை எங்கேயும் போட வேண்டாம். நீங்க மட்டும் படிங்க."