எய்ரிக்கின் முழங்கால்

நாளை கால்பந்து லீக் தொடங்குகிறது. ஒஸ்லோ ஆஸ்பத்திரியின் சாப்பாட்டறையில், கூரைப் பனி உருகி ஜன்னலோரம் சொட்டிக்கொண்டே இருக்க, நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் பக்கம் கணினியில் திறந்திருக்கிறது. ஆண் தாதி ரிஷிகேசன் பழுப்புச் சீஸ் வைத்த பாணைக் கடித்தபடி ஊர் அணியின் முன்வரிசையை அலசுகிறான். "விங்கர் கிழண்டிப் போனான். புதுப் பெடியன் பயிற்சி ஆட்டங்களிலை ஒண்டும் அடிக்கேல்லை. எய்ரிக்தான் இந்த முறை கோலாக் குவிப்பான். நீங்கள் ஆரை எடுக்கிறியள், அக்கா?" ஸ்கேன் எடுக்கும் தனுஷா மவுஸை எய்ரிக்கின் பெயர்மேல் நிறுத்துகிறாள். காலையில் எய்ரிக்கின் முழங்கால் அவளுடைய திரையில்தான் வந்தது. உள்ளே தசைநார் அறுந்து கிடந்தது; ஊன்றுகோலோடுதான் அவன் அறையை விட்டுப் போனான். கிளப் இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் திறந்தால் வேலை போய்விடும். பேசாமல் அவனை அணியில் எடுக்காமல் விட்டாலோ, போன வருடம் இந்தப் போட்டியில் வென்றவள் ஏன் விட்டாள் என்று மேசையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். "எய்ரிக்தான்," என்கிறாள். "கப்டனாயும் அவனையே போடுறன்." ரிஷிகேசனின் முகம் மலர்கிறது. "அப்ப நானும் அவனையே கப்டனாக்கிறன், புள்ளி ரெட்டிப்பா வரும். நீங்கள் பிழைவிட மாட்டியள்." வெளியே நடைவழியில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் நெருங்குகிறது. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம், யாரும் தலை நிமிரவில்லை. தனுஷா எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாள்.