நான்காம் காட்சியில் ஒரு சாட்சி

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மாட்டிக்கொள்வது வாத்தியாரின் வழக்கம். மூன்று ஆண்டுகளாகப் புதன்கிழமைதோறும் சிறைச்சாலை வாசகசாலைக்கு வந்து, கைதிகளோடு நாடகம் படித்துப் பேசுகிற அவர், ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

அன்று ஜெயிலரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். அவருக்கு வேண்டியது நாடகமல்ல. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தச்சரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை.

கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாக, ஒரே ஒரு சாட்சியின் பேச்சை வைத்துத் தண்டிக்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகளாக உள்ளே இருப்பவர் தச்சர். குற்றத்தை ஒப்புக்கொண்டு, வருந்தி எழுதிக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை கூடும் விடுதலைக் குழு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். "நான் செய்யலை" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்வதில்லை. போன ஆண்டு மனைவி இறந்தபோதும், கைவிலங்கோடு போய் முகம் பார்த்துவிட்டு, அதே இரண்டு சொற்களோடுதான் திரும்பி வந்தார்.

வாத்தியார் முதன்முதலாக உள்ளே நுழைந்த அன்று, தச்சர் எழுந்து போகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை.

அதனால்தான் ஜெயிலருக்கு ஒரு யோசனை தோன்றியது. "தன் கதையைச் சொல்லக் கூசுறவன்கூட, நாடகத்துல வர்றவன் கதையைப் பேசுவான், சார். அதுக்குத் தோதா ஒண்ணு படிங்க. வாயைத் திறந்துட்டான்னா, வெளிய இருக்கிற தன் மககிட்டப் போய்ச் சேர்ந்துடுவான்" என்று போன வாரம் கேட்டுக்கொண்டார். வாத்தியார் தலையசைத்தார்.

இன்று அவர் கொண்டுவந்திருந்தது அச்சிட்ட புத்தகமல்ல. அட்டையும் ஆசிரியர் பெயரும் இல்லாத, தட்டச்சு செய்த சில தாள்கள்.

கதை எளியது. முதல் காட்சியில், ஊர் மதிக்கும் பெரிய மனிதர் ஒருவர் காலையில் தம் கண்ணாடியின்மேலேயே உட்கார்ந்து அதை நொறுக்கிவிடுகிறார். கைதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு எதிரே கொலை நடக்கிறது. நான்காம் காட்சியில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறி, "மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஓடியது இவன்தான்" என்று ஒருவனைக் கைகாட்டுகிறார். ஐந்தாம் காட்சி என்று தலைப்பிட்ட தாள் வெறுமையாக இருந்தது.

"இந்த நாடகத்துல பாவம் யாரைச் சேரும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"கொலை பண்ணினவனைத்தான். இதைச் சொல்லவா மூணு வருஷம் படிச்சோம்?" என்றார் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் கைதி.

"இருப்பா" என்றார் தச்சர். "காலையில நொறுங்கின கண்ணாடி, சாயங்காலத்துக்குள்ள தானா ஒட்டிக்கிச்சா?"

"அப்போ சாட்சி வேணும்னே பொய் சொன்னாரா?" என்று வாத்தியார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

தச்சர் மரத்தைத் தடவி அதன் நார் ஓடும் திசையைப் பார்ப்பவரைப் போல நிதானமாகப் பேசினார். "முதல்ல பொய் இல்லைங்க. ஏதோ ஒரு உருவம் ஓடுறதைப் பார்த்திருப்பாரு. போலீஸ் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து இவனான்னு கேட்டதும், இவனாத்தான் இருக்கும்னு நம்பியிருப்பாரு. கோர்ட்டுல ஏறி நின்னப்பதான் உறைச்சிருக்கும். அத்தனை பேர் முன்னாடி, கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்ல வெக்கம். தீர்ப்பு வந்தப்புறம், அந்த வெக்கம் பயமா மாறியிருக்கும்."

"அவர் மனசுக்குள்ள நீ வாடகைக்குக் குடியிருந்தியாக்கும்" என்றார் சமையற்காரர்.

"எதிர்க்கூண்டுல நின்னவனுக்குத் தெரியாதா, சாட்சி எச்சில் முழுங்குறது?"

ஜெயிலர் நிமிர்ந்து நின்றார். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகத் தச்சர் தம்மைக் கூண்டில் நிறுத்திப் பேசுகிறார். இன்னும் ஓரடிதான் பாக்கி.

வாத்தியார் வெற்றுத்தாளைத் தூக்கிக் காட்டினார். "கடைசிக் காட்சி இல்லை. உங்ககிட்டக் குடுத்தா என்ன எழுதுவீங்க? சாட்சிக்கு என்ன தண்டனை?"

"தண்டனை எதுக்குங்க? அந்த மனுஷன் தூங்கியே பல வருஷம் ஆகியிருக்கும்." தச்சர் வாத்தியாரின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "போய்ச் சொல்லட்டும், அது போதும். ஆனா அதை நான் எழுதக் கூடாது, வாத்தியாரே. அவர்தான் எழுதணும்."

மணி அடித்தது. கைதிகள் கலைந்தார்கள். தச்சர் மட்டும் நின்று, தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி, வெற்றுத்தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம் அறையில் வாத்தியாரை உட்காரவைத்த ஜெயிலருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. "நூல் பிடிச்ச மாதிரி கொண்டுவந்துட்டீங்க, சார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒத்துக்குவானா?"

"வாக்குமூலம் இன்னிக்கே கிடைச்சிடும். ஒரு பேனா குடுங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு, அந்த வெற்றுத்தாளை எடுத்து, கை நிற்காமல் எழுதிக் கையெழுத்திட்டு, ஜெயிலர் பக்கம் நகர்த்தினார்.

ஜெயிலர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். "என்ன சார் இது? தச்சன் பேர் வர வேண்டிய இடத்துல உங்க பேரை எழுதியிருக்கீங்க?"

"அன்னிக்குக் காலையில நொறுங்கினது என் கண்ணாடி, சார்."