இன்னும் இருபது நாள்

பூட்டச் சொன்னவளே பூட்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.

தொற்றுநோய் பரவுகிறது என்று குடியிருப்பின் கேட்டைச் சாத்தி இன்றோடு பன்னிரண்டு நாள். எப்போது திறக்கலாம் என்று சுகாதார அலுவலகத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்பவள், போதாத காலம், அதே குடியிருப்பின் மூன்றாவது மாடியில்தான் இருந்தாள்.

நேர் எதிரே ஆஸ்பத்திரி. அங்கே அவள் அப்பாவுக்குப் பதினோரு மணிக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையிலேயே கீழே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். காவலாளி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவு மேடம். நான் எப்படி மீறுறது?"

மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தாள். நோய் பரவுவதைக் கணிக்கும் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை. கற்பனையாக ஒரு நோயைக் கணினிக்குள் பரப்பிவிட்டு, அதைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் அதை நம்பியிருந்தாள்.

அறுபத்து மூன்று நோயாளிகளின் விவரத்தையும் கொடுத்து இன்னொரு முறை ஓட்டினாள். ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றுகிறது? மிகச்சரியாக இரண்டரை. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. இன்னும் இருபது நாள் என்றது திரை.

ஓர் எண்ணை மாற்றினால் கேட் திறந்துவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? கை விசைப்பலகை வரை போனது. எட்டு மாடியிலும் இருக்கும் மற்றவர்களுக்கும் அப்பா இருக்கிறார்களே என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

கடைசி நப்பாசையாக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் பார்க்காமல் டீகூடக் குடிக்காததால் 'தசமம்' என்று பெயர் வாங்கிய சக ஊழியர்தான் எடுத்தார். எண்ணிக்கையில் பிசகு இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்க்கச் சொன்னாள்.

பிறகு அப்பா போனில் கூப்பிட்டார்.

"நீ வராம இருக்கிறதுதான் சரிம்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பதினோரு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோய்விட்டதாகத் தம்பி செய்தி அனுப்பினான். ஐந்து நிமிடம் கழித்துத் தசமம் அழைத்தார். குடியிருப்பில் நோய் வந்தது இரண்டே பேருக்கு, அவர்களும் போன வாரமே குணமாகிவிட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அப்படியென்றால் தன்னிடம் இருக்கும் அறுபத்து மூன்று பேர் யார் என்று கேட்டாள்.

"அது மென்பொருளைச் சோதிக்க நீங்களே உருவாக்கின ஃபைல், மேடம்."